சுகுணாவுக்குப் பூவாடை

முரளி,

நல்லா இருக்கியான்னு கேட்டுத்தான் எழுத ஆரம்பிக்கணும். நான் கேக்கலை. கேட்டா ‘நல்லா இருக்கேம்மா’ம்பே, நானும் நம்பின மாதிரி இருந்துக்கணும். போன்ல ரெண்டு பேரும் அதைத்தானே செஞ்சிக்கினு இருக்கோம். பூவாடைன்னு நான் வாயெடுத்தா போதும், ‘சார் கூப்பிடறாரு, வச்சிடறேன்’ங்கறே. ஸ்ரீசிட்டி கம்பெனியில இருக்கற உங்க சாருக்கு அந்த வார்த்தை எப்படித்தான் காதுல விழுமோ, ஒடனே உன்னைக் கூப்பிட்டுடறாரு. அதனாலதான் காயிதம் போடறேன். அஞ்சாவது வரைக்கும் படிச்ச கை இது. எழுத்து கோணலா இருக்கும், நிறுத்தற எடத்துல நிறுத்தாம போவும். கோவம் வந்தா ஓரமா வச்சிட்டு, டீ குடிச்சிட்டு வந்து மறுபடியும் படி.

விஷயம் உனக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்லிடறேன். உன் கல்யாணத்துக்குச் சித்தூருல மண்டபம் பேசியாச்சு, லாவண்யா வூட்டுல பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. கல்யாணம் ஆவாத பொண்ணு செத்துப் போன வூட்டுல, அடுத்த கல்யாணத்துக்கு முன்னாடி அவளைக் கூப்பிடாம நம்ம ஜனங்க பந்தக்கால் நடறது இல்ல. ஏரிக்கரையில புதுச் சொம்புல தண்ணி மொண்டு, பூ சுத்தி, அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கூடப் பொறந்தவன் தலையில வச்சி எடுத்தாந்து நடு வூட்டுல எறக்கணும். புதுத் துணி வச்சி, அவ ஆசையா துன்னறதை ஆக்கிப் படைக்கணும். அந்தத் துணியை வர்ற மருமவ கட்டிக்கணும். இதான் பூவாடை. உங்க அக்கா சுகுணா போயி ஒரு வருஷம் தாண்டிடுச்சு. அவளைக் கூப்பிடணும்னு சொன்னதுக்கு நீ இன்னா சொன்னே? ‘இல்லாதவளுக்கு எதுக்கும்மா துணி? அத்தை தலையை விரிச்சிப் போட்டுக்கினு, நான்தான் சுகுணா வந்திருக்கேன்னு ஆடும், அதை நான் நின்னு பாக்கணுமா? பூவாடை வச்சா நான் வூட்டுக்கே வரமாட்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாலை மாத்திக்கறேன்’ன்னே. துக்கம் முடிஞ்சி போனவன் இன்னும் வாசப்படி மிதிக்கலை. கல்யாணத்துக்கும் மிதிக்கலைன்னா அப்பறம் எதுக்கு மிதிப்பே?

உங்க அக்கா இன்னா படிச்சான்னு ஊருல யாரு கேட்டாலும் ‘கணக்கு’ன்னு சொல்லி நிறுத்திக்குவேன். ஆனா அதுக்கு மேலயும் எனக்குக் கொஞ்சம் தெரியும். திருப்பதியில படிக்கறப்போ, சனிக்கெழமை வூட்டுக்கு வந்தான்னா அடுப்பங்கரையில என் பக்கத்துலதான் ஒக்காந்துக்குவா. நான் கேக்கறேனா இல்லையான்னு கூட பாக்காம சொல்லிக்கினே இருப்பா. ‘நீதாம்மா நடுவுல கேள்வி கேக்கறே. அங்க எல்லாரும் புரிஞ்ச மாதிரி தலையாட்டறாங்க’ம்பா. காந்தத்துக்கு ரெண்டு முனை இருக்கும், ஒடச்சா ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடியும் ரெண்டு முனை வந்துடும், ஒத்தை முனையை மட்டும் தனியா யாரும் பாத்தது இல்லைன்னு சொன்னா. ஆனா அப்படி ஒண்ணு இருக்கலாம்னு கணக்கு சொல்லுதாம். மோனோபோல்னு பேராம். ‘யாரும் பாக்கலைன்னா இன்னாத்தைடி படிக்கறே?’ன்னேன். ‘அது ரெண்டு கிட்ட கிட்ட வந்தா இன்னா ஆவும்னு படிக்கறேன்’ன்னா.

அன்னிக்கு வடைக்கு மாவு ஆட்டி வச்சிருந்தேன். வாழையெலையில ரெண்டு உருண்டை புடிச்சி வச்சி, நேருக்கு நேரா தள்ளிக்கினு வந்தா. ‘முட்டிக்கினு திரும்பிப் போவும்னு நெனப்பே. இல்லைன்னா ஒண்ணை ஒண்ணு தாண்டிப் போவும்னு நெனப்பே. ரெண்டும் இல்லம்மா.’ உருண்டை ரெண்டும் ஒட்டிக்கிச்சு. நடுவுல வெரலை வுட்டா, ஓட்டையோட வடை ஆயிடுச்சு. ‘கொஞ்ச நேரம் இப்படி இருக்கும்’ன்னா. அப்பறம் அந்த வடையைப் பிச்சி, வந்த வழியில தள்ளாம, குறுக்கால இந்தாண்ட ஒண்ணு அந்தாண்ட ஒண்ணு தள்ளினா. ‘இப்போ சொல்லு, இதுல எது எங்க இருந்து வந்திச்சு?’ ‘எண்ணெயில போட்டா எல்லாம் வடைதான், மாவை வீணாக்காத’ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. ‘நீயும் நைனாவும் இதே கணக்குதாம்மா. நேரா முட்டிக்கினு வருவீங்க. அப்பறம் பாத்தா அவரு மாட்டுக் கொட்டாய் பக்கம் போறாரு, நீ கொழாயடி பக்கம் போறே. யாரு ஆரம்பிச்சதுன்னு கேட்டா ரெண்டு பேருக்கும் தெரியாது.’ கல்யாணம் பண்ணிக்கப் போறவன் நீ, இதை மட்டும் எடுத்து வச்சிக்கோ. சண்டை வரும். யாரு ஆரம்பிச்சதுன்னு தேடாதே, தேடினா கெடைக்காது.

அந்த ரெண்டு மோனோபோலும் எங்கெங்க, எப்படி எப்படி நிக்கலாமோ ஒவ்வொண்ணுக்கும் ஒரு புள்ளி வச்சிக்கினே போனா, புள்ளியெல்லாம் சேர்ந்து ஒரு நெலம் மாதிரி ஆவுதாம். கண்ணுக்குத் தெரியாத நெலம். மேடும் பள்ளமுமா வளைஞ்சி கெடக்குமாம். அதை அளக்கறதுதான் இவ வேலை. உங்க நைனா கேட்டுட்டு, ‘எங்க தாத்தன் காலத்துல நமக்கு ஒரு குழி நெலம் கெடையாது, நீ அளக்கறவளா ஆயிட்டியா? அதுக்குப் பட்டா பாஸ்புக் குடுப்பாங்களாம்மா?’ன்னாரு. ‘குடுத்தா உன் பேருலயே வாங்கிக்க நைனா, ஆனா கடலை போட முடியாது’ன்னா.

அதுல ஒரு அதிசயம் இருக்குதுன்னு சொல்லுவா, அதைச் சொல்றப்போ மட்டும் எழுந்து நின்னுக்குவா. பூமி நம்மை இழுக்குதே, அந்த இழுப்பைப் பத்திக் கணக்குப் போடறவங்க வேற ஒரு கூட்டமாம். அவுங்களுக்குக் காந்தத்தைப் பத்திக் கவலையே இல்லையாம். அவுங்க நேரத்தைக் கூட, நீளம் அகலம் மாதிரி இன்னொரு பக்கமா வச்சிக் கணக்குப் போட்டாங்களாம். அப்போ ஒரு வடிவம் கெடச்சிதாம். இன்ஸ்டன்டான்னு அதுக்குப் பேரு. கொஞ்சம் எடம், கொஞ்சம் நேரம், அவ்ளோதான் அது. அதை வுட்டுத் தூரமா போயிட்டா எல்லாம் சமதரை, அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாதாம். ஆனா அவுங்க கண்டுபுடிச்ச வடிவமும் இவுங்க அளந்த நெலமும் ஒண்ணாவே இருந்திச்சாம். ‘சித்தூருல ஒரு டைலர் யாருக்கோ தெச்ச ரவிக்கை, சூளூர்பேட்டையில முன்ன பின்ன தெரியாத ஒருத்திக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தினா எப்படி இருக்கும்மா? அப்படி!’ன்னா. எனக்கு ரவிக்கை புரிஞ்சிது. நேரம்தான் புரியலை. ‘நேரமும் நீளம் மாதிரின்னா, நடந்து நேத்திக்குத் திரும்பிப் போலாமாடி?’ன்னேன். ‘கணக்குல போலாம்மா. பஸ்ஸுதான் இல்ல’ன்னா. அன்னிக்கு நானும் சிரிச்சேன். இப்போ மாங்கா ஃபேக்டரியில பெல்ட்டு முன்னாடி நின்னு அழுகின பழம் பொறுக்கறப்போ அது ஞாபகம் வந்தா, கை அப்படியே நின்னு போவுது. அழுகினது பாட்டுக்குத் தாண்டிப் போவுது. ‘ஏமம்மா, நித்ரா?’ன்னு சூப்பர்வைசர் கத்தறான், நான் தூங்கறேனாம்.

நீ அவளை எப்பவும் கிண்டல்தான் பண்ணுவே. ‘எங்க கம்பெனியில இருக்கற சாமானை செய்யறதுக்கே சம்பளம் ஒழுங்கா வரலை, இல்லாத சாமானுக்கு உனக்கு யாருக்கா குடுக்கறாங்க?’ம்பே. அவ கோவிச்சிக்கினது இல்ல. ஒரே ஒரு தடவைதான் நேரா பதில் சொன்னா. நீ பல்லு வெளக்கிக்கினு இருந்தே, காதுல வாங்கினியோ இன்னாவோ. ‘இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதுடா, அது என் கையில இல்ல. இருந்தா எப்படி இருக்கும், எந்தப் பக்கம் திரும்பும்னு மட்டும் தப்பில்லாம சொல்லுவேன். அவ்ளோ தெரிஞ்சிக்கினப்பறம் இல்லைன்னு சொல்ல வாய் வராது’ன்னா.

அந்தக் கடைசி சனிக்கெழமையைப் பத்தி நாம பேசினதே இல்ல. வடமாலபேட்டையில எறங்கினவளை நீ பைக்ல ஏத்திக்கினு வந்தே. நாய் குறுக்கால ஓடிச்சு, ரெண்டு பேரும் விழுந்தீங்க. உனக்கு முட்டி தேஞ்சிது, அவளுக்குக் கை ஒடஞ்சிது. தலையும் இடிச்சிது, ஆனா ரத்தம் வரலை, அவளே எழுந்து துப்பட்டாவை ஒதறிக்கினா. நேரா புத்தூருக்கு எலும்புக்கட்டு கட்டக் கூட்டிக்கினு போனே. கட்டு கட்டினவரு, ‘கை சேர்ந்துடும், தலையை மட்டும் ஆஸ்பத்திரியில காட்டிடுங்க’ன்னு சொன்னாராம். ‘தலை நல்லாத்தான் இருக்கு, வேணும்னா கணக்குக் கேட்டுப் பாருங்க’ன்னாளாம் இவ. ‘இல்லாத சாமானைத் தேடிக்கினு போயி இருக்கற கையை ஒடச்சிக்கினியே’ன்னு நீ சொல்ல, அவ ஒடையாத கையால உன் தலையில குட்ட, சிரிச்சிக்கினேதான் ஆட்டோவுல வந்து எறங்கினீங்க. நான் பாத்தேன். மறுநாள் காலையில வாந்தி எடுத்தா. திருப்பதிக்குக் கொண்டு போனோம். சாயங்காலம் எல்லாம் முடிஞ்சி போச்சு.

வண்டி ஓட்டினது நீ, புத்தூருக்குத் திருப்பினது நீ, கடைசியா கிண்டல் பண்ணினதும் நீ. இதையே நீ உள்ளுக்குள்ள அரைச்சிக்கினு இருக்கேன்னு எனக்குத் தெரியும். அந்த ரோட்டுல நம்ம ஜனங்க யாரு விழுந்து கை காலு ஒடஞ்சாலும் வண்டி புத்தூருக்குத்தான் திரும்பும். உங்க நைனா மாமரத்துல இருந்து விழுந்தப்போ அங்கதான் போனோம். நான் ஃபேக்டரியில வழுக்கி விழுந்தப்போவும் அங்கதான். நல்லபடியா எழுந்து நடந்தோம். உனக்கு ஆறுதல் சொல்லலை நான். ஆறுதல் என்கிட்ட இல்ல. தலையையும் காட்டியிருக்கலாம்னு எனக்கும் தெனம் தோணுது. ஆனா அப்படித் தோணறப்போ உன் மேல கோவம் வரலைடா. அவ மேலதான் வருது. கணக்குக் கேட்டுப் பாருங்கன்னாளே, அந்த வாய் மேல வருது. செத்தவ மேல கோவப்பட்டுக்கினு சோறு துன்னறது எவ்ளோ கஷ்டம்னு யாருகிட்டயும் சொல்ல முடியலை, உன்கிட்டதான் சொல்றேன்.

என் வளையலைக் கழட்டி வச்சிக்கினு ஒரு நாள் இன்னொண்ணும் சொன்னா. அந்த நெலத்துல ஒரு தினுசுல, ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு வளையல் மாட்டின மாதிரி இருக்குமாம். தூரத்துல எல்லாம் ஒரே அளவு. கிட்ட வர வரச் சிறுத்துக்கினே வந்து, ஒரு எடத்துல வளையலே புள்ளியா ஆயிடுமாம். அங்க நெலம் கிழிஞ்சி போயிருக்கும்னு பாக்கறவங்க நெனப்பாங்களாம். ஆனா கிழியாது, வழவழன்னு இருக்கும்னா. நீ புத்தூரு வரைக்கும் வந்துட்டு எதிர் பஸ் புடிச்சித் திரும்பிப் போயிட்டேன்னு உங்க நைனாகிட்ட யாரோ சொல்லியிருக்காங்க. கேட்டப்போ எனக்கு அந்த வளையல்தான் ஞாபகம் வந்திச்சு. வூட்டுக்குக் கிட்ட வர வர நீ சிறுத்துப் போறே. வந்தா ஒண்ணும் ஆவாது, கிழியாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அவ கணக்குல கிழியாது. நம்ம வூட்டுல கிழியும். அவ கட்டிலு அங்கயே இருக்குது, செருப்பு அங்கயே இருக்குது. நான் கிழிஞ்சிக்கினேதான் இங்க இருக்கேன். நீயும் வா.

போன மாசம் அவளுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்த மேடம் வந்தாங்க. இவ பாதியில வுட்ட கணக்கைக் கூடப் படிச்ச பொண்ணு முடிச்சி, அது புஸ்தகத்துல வந்திருக்காம். கொண்டாந்து காட்டினாங்க, இங்கிலீஷ்ல இருந்திச்சு. பேரு எதுன்னு கேட்டு வெரலை வச்சிப் பாத்தேன். பேரு பக்கத்துல குட்டியா கத்தி மாதிரி ஒரு குறி. ‘இது இன்னா மேடம்?’ன்னேன். அந்தம்மா தலையைக் குனிஞ்சிக்கினு, ‘இப்போ இல்லைன்னு தெரியறதுக்குப் போடுவாங்கம்மா’ன்னாங்க. அப்பறம் சொன்னாங்க, எங்கெங்கயோ வெளியூருல இருக்கறவங்க எல்லாம் போர்டுல எழுதிப் பேசறப்போ, ‘சுகுணா வழியில போனா சுளுவா வரும்’ன்னு பேசிக்கறாங்களாம். மேடம் சந்தோசமாத்தான் சொன்னாங்க. எனக்கு வயிறு எரிஞ்சிது முரளி. முன்ன பின்ன பாக்காத எவனோ என் பொண்ணு பேரைச் சொல்றான். என் வூட்டுல யாரும் சொல்றது இல்ல. உங்க நைனா ‘அது இருந்தப்போ’, ‘அது போனப்பறம்’ங்கறாரு. நான் தெருவுல வந்தா அக்கம்பக்கத்துல பேச்சை மாத்திக்கறாங்க. நீ இல்லாதவங்கறே.

பூவாடைக்கு இன்னா துணி எடுத்திருக்கேன் தெரியுமா? பொடவை இல்ல, சுடிதார். ஜேபி வச்சது. உங்க அத்தை வந்து ஒரே சத்தம். ‘பூவாடைக்காரிக்குப் பொடவைதான் வைக்கணும் அண்ணி, இது இன்னா கூத்து?’ன்னுது. ‘பொடவை வச்சா தடுக்குதும்பா, போன் வைக்க எடம் இல்லைன்னு திட்டுவா’ன்னேன். மல்லிப்பூ வேணாம், வாசனை தலைவலிம்பா, கனகாம்பரம் போதும். காப்பியில சக்கரை கூடாது. வடை கருகலா, ஓரம் மொறுமொறுன்னு இருக்கணும். ஒண்ணொண்ணா எடுத்து வைக்கறப்போதான் பாத்தேன், நான் எதையும் யோசிக்கவே இல்ல. அவ இருக்காளான்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா இருந்தா எப்படி இருப்பா, எதுக்கு மூஞ்சியைச் சுளிப்பா, எதுக்குச் சிரிப்பான்னு தப்பில்லாம தெரியுது. உனக்கும் தெரியும். அப்பறம் எப்படிடா உனக்கு மட்டும் இல்லைன்னு வாய் வருது? லாவண்யாகிட்ட போன் பண்ணி, ‘நீதாம்மா போட்டுக்கணும், சுடிதார் பரவாயில்லையா?’ன்னேன். ‘ஐயோ அத்தை, எனக்கும் ஜேபி வேணும்’ன்னுது. நல்ல பொண்ணு. அதை அழ வைக்காதே.

ஆட்டம் பத்தி உன் பயம் எனக்கும் உண்டு. அத்தைகிட்ட முடிவா சொல்லிட்டேன். யாரும் ஆடக் கூடாது, யாரும் அவளா மாறிப் பேசக் கூடாதுன்னேன். ‘அப்போ அவ வந்தாளா இல்லையான்னு எப்படித் தெரியும்?’ன்னுது. ‘தெரிய வேணாம்’ன்னேன். ‘மீறி சாமி வந்தா?’ன்னுது. ‘வரட்டும். ரெண்டு மோனோபோல் நேருக்கு நேரா முட்டிக்கினா எந்தப் பக்கம் போவும்னு கேப்பேன், பதில் சொல்லிட்டு ஆடச் சொல்லு’ன்னேன். மூஞ்சியைத் தூக்கிக்கினு பஸ் ஏறிடுச்சு. உங்க நைனா கொட்டாயில நின்னுக்கினு தனியா சிரிச்சாரு. ரொம்ப நாளாச்சு அந்தச் சத்தம் கேட்டு.

அதனால, நீ பாக்கக் கூடாதுன்னு நெனச்சது எதுவும் அங்க இருக்காது. வர்ற வெள்ளிக்கெழமை காலையில நீ, நான், உங்க நைனா, ஒரு சொம்பு, அவ்ளோதான். நீ வரலைன்னாலும் உன் கல்யாணத்துல நான் முன்னாடிதான் நிப்பேன், அட்சதை போடுவேன், யாருகிட்டயும் மொகத்தைத் தூக்கி வச்சிக்க மாட்டேன். அதை வச்சி மகனைப் பயமுறுத்தறவ இல்ல நான். சொம்பைக் கூட நானே தூக்கியாந்துடுவேன், கழுத்துல தெம்பு இருக்குது. கூப்பிடறதுதான் என்னால ஆவலை. தனியா போயி, ஏரிக்கரையில ஆளு இல்லாத நேரம் பாத்து வாயைத் தெறந்து பாத்தேன். சுகுணான்னு ஆரம்பிச்சது பாதியிலயே ஒப்பாரியா மாறிடுச்சு, தூரத்துல துணி தொவச்சிக்கினு இருந்தவங்க பதறி ஓடியாந்துட்டாங்க. ஒப்பாரிக்கு யாரும் வூட்டுக்கு வரமாட்டாங்கடா. உங்க நைனாவுக்கு அந்தப் பேரு தொண்டையை வுட்டே வெளிய வரலை. நீ கூப்பிட்டாத்தான் அது கூப்பிடறதா இருக்கும். கும்பல்ல அவ உன்னைத் தேடிக்கினு நின்னா, அக்கான்னு கூட சொல்லாம, நாலு பேரு திரும்பிப் பாக்கற மாதிரி கத்துவியே, ‘ஏய் சுகுணா, இங்க இருக்கோம், இப்பிடி வா’ன்னு. அப்படிக் கூப்பிடு.

அம்மா